மயக்காமல் விரலைப் பொருத்தினார்கள். அது குறைந்த சிகிச்சையா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. மல்லாவிப் பக்கம் ஒரு தச்சுப்பட்டறையில் வேலை. இரண்டரை மாதத்துக்கு முன் முதிரைப் பலகை அரியும்போது இடது கை வட்டவாளில் அகப்பட்டுவிட்டது. சுட்டுவிரல் அடிப்பக்கத்தோடு துண்டாகிப் போனது. நடுவிரல் தோலில் தொங்கியது. கூட நின்றவர்கள் துண்டான விரலை ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கிட்டிய ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நடுவிரலைப் பொருத்தினார்கள். சுட்டுவிரலைப் பொருத்த ஏலாது என்று தைத்து மூடிவிட்டார்கள். ஆளை மயக்கவில்லை. மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும் ஊசி போட்டு விறைக்கப்பண்ணி, முழிப்பில் வைத்தே நாலு மணித்தியாலத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். தொடுவது தெரிந்ததாம். எலும்பில் துளைபோடும் சத்தம் கேட்டதாம். இடையில் "விரலை மடக்கு" என்றும் சொன்னார்களாம். காசு கட்டித் தனியாரில் செய்திருந்தால் ஒழுங்காக மயக்கி இரண்டு விரலையும் காப்பாற்றியிருப்பார்கள் என்று ஊரில் கதைக்கிறார்கள். நாங்கள் ஐஸில் போட்டதும் பிழையா? இப்போது விரல் இருக்கிறது, உணர்ச்சி இல்லை, மடங்குவதும் குறைவு. தம்பி அந்தச் சத்தத்தை நினைத்து இரவில் திடுக்கிட்டு எழும்புகிறான். பட்டறைப் பக்கம் போக மறுக்கிறான்.
- துணுக்காய் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

நான் மயக்க மருந்து வைத்தியர். ஆட்களைத் தூங்க வைப்பதும் விறைக்க வைப்பதும்தான் என் தொழில். அதனால் ஊர்க்கதைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காசு கட்டாததால் உங்கள் தம்பியை மயக்காமல் விட்டார்கள் என்பது சரியில்லை. அரச ஆஸ்பத்திரியில் முழு மயக்கத்துக்கும் காசு இல்லை, விறைப்பூசிக்கும் காசு இல்லை. விரல் பொருத்தும்போது கையை மட்டும் விறைக்க வைப்பது பல நேரங்களில் முழு மயக்கத்தைவிட நல்லது. கொழும்பில் தனியாரில் படுத்திருந்தாலும் இதே ஊசியைப் போட்டிருக்கக்கூடும்.

விபத்து வேலை நேரத்தில் நடந்திருக்கிறது. அப்படியென்றால் தம்பி சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்திருப்பார். ஆளை முழுதாக மயக்கும்போது தொண்டையைக் காக்கும் இருமலும் விழுங்கலும் அடங்கிவிடும். அந்த நேரம் வயிற்றில் சோறோ பாணோ இருந்தால் மேலே எதுக்களித்து நுரையீரலுக்குள் போகலாம். அது உயிருக்கே ஆபத்து. திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கு முன் 6 மணித்தியாலம் திட உணவு வேண்டாம் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். காயப்பட்டு வலியிலும் பயத்திலும் இருப்பவருக்கு வயிறு வழமைபோல வெறுமையாவதும் இல்லை. உயிர் போகிற அவசரம் என்றால் நிரம்பிய வயிற்றோடும் மயக்கத்தான் செய்கிறோம், அதற்கென்று முறைகள் உண்டு. ஆனால் வேலை ஒரு கையில் மட்டும் என்றால் அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்கவேண்டும்? விறைப்பூசிக்கு வயிறு வெறுமையாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, வந்த கையோடு தொடங்கலாம்.

அடுத்தது இரத்தக்குழாய். விரலில் ஓடும் நாடி 1 மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, தலைமயிரைவிட மெல்லிய நைலோன் நூலால் தைக்கிறார்கள். உலகத்தில் முதன்முதலாக இப்படி ஒரு பெருவிரலைப் பொருத்தி வெற்றி கண்டது 1965 ஜூலையில், ஜப்பானின் நாரா மாகாணத்தில், கொமட்சு, தமாய் என்ற இரண்டு வைத்தியர்கள். அன்றிலிருந்து இன்றுவரை சத்திரசிகிச்சை நிபுணர் பயப்படும் விஷயம் ஒன்றுதான்: தைத்த குழாய் சுருங்குவது. சுருங்கினால் உள்ளே இரத்தம் கட்டிபடும், பொருத்திய விரல் கறுத்துப்போகும். வலி, குளிர், பதற்றம் மூன்றும் குழாயைச் சுருக்கும். விறைப்பூசி வலி நரம்பை மட்டும் அடக்குவதில்லை, அதோடு சேர்ந்து ஓடும், குழாயைச் சுருக்கும் நரம்பையும் அடக்கிவிடுகிறது. கக்கத்திலோ காறையெலும்புக்கு மேலேயோ ஊசி போட்டுக் கை முழுவதையும் விறைக்க வைக்கும்போது, கொஞ்ச நேரத்தில் அந்த உள்ளங்கை மற்றக் கையைவிடச் சூடாகும், புறங்கை நாளங்கள் புடைத்து நிற்கும். மணிக்கட்டில் போட்டாலும் விரல்களில் இதே வேலை நடக்கிறது.

நாடியைப் பிடித்திருந்த சின்னக் கவ்விகளை எடுக்கும் நேரம் ஒன்று இருக்கிறது. மெழுகுபோல வெளிறிக் கிடந்த விரலில் அடியிலிருந்து மெல்ல இளஞ்சிவப்பு ஏறும். நகத்துக்குக் கீழே நிறம் வரும். வெட்டுவாயில் புது இரத்தம் துளித்துளியாகக் கசியும். தியேட்டரில் நிற்கிற எல்லோரும் அந்த நிறத்துக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

விரலை மடக்கச் சொன்னதை ஊரில் யாரோ விளையாட்டு வேலை என்று சொல்லியிருப்பார்கள். அது மிக நல்ல வேலை. விரலை மடக்கும் தசை விரலில் இல்லை, முன்னங்கையில் இருக்கிறது. சைக்கிளில் கைப்பிடியை அழுத்தினால் உறைக்குள் ஓடும் வயர் இழுபட்டுச் சில்லில் பிரேக் பிடிக்கிற மாதிரி, முன்னங்கைத் தசை சுருங்கும்போது தசைநாண் உறைக்குள் வழுக்கி விரலை மடக்குகிறது. தம்பிக்கு மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும்தான் ஊசி போட்டிருக்கிறார்கள். ஆகவே விரல் விறைத்திருந்தாலும் முன்னங்கைத் தசை முழிப்பில் இருக்கும். தசைநாணைத் தைத்த பிறகு "மெதுவாக மடக்கு" என்று சொல்லி, தையல் இடைவெளி விடுகிறதா, உறையில் சிக்குகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். பிழை இருந்தால் அந்த இடத்திலேயே திருத்தலாம். ஆளைத் தூங்க வைத்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

கனடாவில் டொனால்ட் லலொண்ட் என்ற வைத்தியர் இப்படி முழிப்பில் வைத்துக் கைச் சத்திரசிகிச்சை செய்யும் முறையை உலகம் முழுக்கப் பரப்பினார். விறைப்பு மருந்தோடு, இரத்தக்குழாயைச் சுருக்கிக் கசிவைக் குறைக்கும் அட்ரினலின் மருந்தைக் கலந்து விரலில் போட்டால் விரல் அழுகிவிடும் என்று பழைய பாடப்புத்தகங்கள் பயமுறுத்தியிருந்தன. 2005இல் அவரும் கூட்டாளிகளும் விரலிலும் கையிலும் அட்ரினலின் போட்ட 3110 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள், ஒருவருக்கும் விரல் அழுகவில்லை. ஆனால் அவை திட்டமிட்டுச் செய்த சத்திரசிகிச்சைகள். துண்டான விரலில் இரத்த ஓட்டமே கேள்விக்குறி என்பதால் பல நிபுணர்கள் அங்கே அட்ரினலினைத் தவிர்த்து, வெறும் விறைப்பு மருந்தையே போடுகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். தம்பிக்கு எது போட்டார்கள் என்பது ஆஸ்பத்திரிக் கோவையில் எழுதப்பட்டிருக்கும்.

தொடுவது தெரிந்தது என்றாரே, அதுவும் சரியான கணக்குத்தான். வலியையும் சூடு குளிரையும் கொண்டுபோகும் நரம்பிழைகள் மெல்லியவை, மருந்துக்கு முதலில் அடங்கும். அழுத்துவது, இழுப்பது, தட்டுவது போன்றவற்றைச் சொல்லும் தடித்த இழைகள் கடைசியில்தான் அடங்கும், சில நேரம் முழுதாக அடங்காது. அதனால் நாங்கள் முதலில் ஸ்பிரிட் பஞ்சால் தொட்டு "குளிருதா?" என்று கேட்போம், பிறகு இடுக்கியால் கிள்ளிப் பார்ப்போம். இழுப்பது தெரிந்து, வலி தெரியாமல் இருந்தால் ஊசி வேலை செய்கிறது. வலித்தால் சொல்லவேண்டும், இன்னும் மருந்து போடலாம்.

அந்தத் துளைபோடும் சத்தத்தில் மட்டும் நான் முழுதாக உங்கள் பக்கம். எலும்புத் துண்டுகளை அசையாமல் நிறுத்த மெல்லிய உருக்குக் கம்பி ஏற்றவேண்டும், அதற்குச் சின்னத் துளைமெசின் வேண்டும், அது இல்லாமல் முடியாது. ஆனால் சற்று முன்தான் வாளில் விரலைக் கொடுத்த ஒரு தச்சருக்கு, சொல்லாமல் கொள்ளாமல் அந்தச் சத்தத்தைக் கேட்க விட்டிருக்கக் கூடாது. "இப்ப ஒரு மெசின் சத்தம் வரும், வலிக்காது, அரை நிமிஷத்தில் முடியும்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். காதில் பாட்டுப் போட்டுவிடலாம். நாளத்தில் கொஞ்சம் அமைதி மருந்து கொடுத்து அரைத் தூக்கத்தில் வைக்கலாம். முழிப்பில் இருக்கிறவரின் தலைமாட்டில் நின்று கதைப்பதும் எங்கள் வேலைதான். அது நடக்கவில்லை என்றால் உங்கள் முறைப்பாடு நியாயமானது. கிளினிக்கில் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள், அடுத்தவருக்காவது உதவும்.

எல்லோருக்கும் முழிப்புப் பொருந்தும் என்றும் நான் சொல்லமாட்டேன். சின்னப் பிள்ளைகளை மயக்கித்தான் ஆகவேண்டும். நாலைந்து விரல் ஒன்றாகப் போய் இரவு முழுக்கத் தைக்கவேண்டி வந்தாலும், அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கும் மயக்கம்தான் நல்லது.

சரி, சுட்டுவிரலுக்கு வருவோம். ஏன் அதை விட்டார்கள்? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அடிப்பொருத்துக்கும் நடுப்பொருத்துக்கும் இடையில் போயிருக்கிறது. அந்த இடத்தில் விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களும் ஒரே இறுக்கமான உறைக்குள் ஓடுகின்றன. அங்கே வெட்டுப்பட்டுப் பொருத்தினால் இரண்டும் ஒட்டிப்போய், விரல் கம்புபோல நீட்டிக்கொண்டு நிற்கும். மடங்காத சுட்டுவிரல் உளியைப் பிடிக்கிறபோதும் ஆணியை எடுக்கிறபோதும் இடைஞ்சல் தரும். ஆள் தன்னை அறியாமலே நடுவிரலைப் பாவிக்கத் தொடங்கிவிடுவார். அதனால் வளர்ந்தவர் ஒருவருக்கு இந்த இடத்தில் துண்டான சுட்டுவிரலை, மற்ற விரல்கள் தப்புமென்றால், பல நிபுணர்கள் பொருத்துவதில்லை. பெருவிரல் என்றால் கதை வேறு. பிடிப்பதற்கு அதுதான் ஆதாரம், எப்படியாவது முயல்வார்கள். பிள்ளைகளுக்கு எந்த விரல் என்றாலும் முயல்வார்கள்.

வட்டவாளும் கத்தியும் ஒன்றல்ல. தம்பிக்கே இது தெரியும்: வாள் பல்லின் அகலத்துக்கு மரம் தூளாகப் போய்விடும். விரலிலும் அவ்வளவு போய்விடுகிறது. மிஞ்சிய இரண்டு முனையிலும் நாடி இழுபட்டு உள்ளுக்குள் கிழிந்திருக்கும். நடுவிரலுக்கு அந்தத் தொங்கிய தோல் பெரிய உதவி. அதற்குள் ஓரிரு நாளம் அறாமல் இருந்தால் இரத்தம் திரும்பி வர வழி இருக்கும். தொங்குகிறதே என்று யாரும் அதை வெட்டி எடுக்காமல் கொண்டுவந்தது மிக நல்ல காரியம்.

ஐஸ் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும். விரலை நேரே ஐஸ் கட்டியில் படவைத்தால் திசு உறைந்து சாகும், இரத்தக்குழாயின் உட்தோல் கெட்டுவிடும். ஆகவே அந்த முறை சரியில்லை. ஆனால் அதனால்தான் விரல் போனது என்று நெஞ்சில் போட்டுக்கொள்ளாதீர்கள். வெட்டுப்பட்ட இடமும் வாளின் கிழிசலுமே அந்த விரலை விடுவதற்குப் போதுமான காரணங்கள். விரலைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்த ஆட்கள் அவர்கள். யுத்தத்தில் எத்தனையோ கைகால் போனதைக் கண்ட வன்னியில், போன விரல் போனதுதான் என்று மண்ணில் புதைத்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதை வாசிக்கிற பட்டறைக்காரர், லான்ட்மாஸ்ரர் வைத்திருப்பவர்கள், நெல் வெட்டும் மெசினில் நிற்பவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் ஆளைப் பாருங்கள், விரல் பிறகு. காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். அநேகமாக அழுத்தினாலே இரத்தம் நிற்கும், மணிக்கட்டில் கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம், அவற்றைக் கழுவி எடுப்பதற்கே பெறுமதியான நேரம் போகிறது. துண்டான விரலில் மண் இருந்தால் சுத்தமான தண்ணீரால் மெல்ல அலசுங்கள், தேய்க்காதீர்கள். சேலைனிலோ கொதித்தாறிய தண்ணீரிலோ நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். விரல் ஐஸிலும் படக்கூடாது, தண்ணீரிலும் ஊறக்கூடாது. முல்லைத்தீவுக் கரையில் மீன் வாடியில் ஐஸ் கிடைக்கும், உள்ளுக்குள் குளிர்பானக் கடையில் கேட்கலாம். கிடைக்காவிட்டால் அதைத் தேடி நேரத்தை விடாதீர்கள், சுற்றிய விரலோடு வெளிக்கிடுங்கள். விரலில் தசை இல்லாததால் அது கையைவிட, காலைவிடக் கூடுதல் நேரம் தாங்கும். குளிரவைக்காமலே 6 மணித்தியாலத்துக்கு மேல், சரியாகக் குளிரவைத்தால் ஒரு நாள்வரை தாங்கக்கூடியது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 70 கிலோமீற்றருக்குள்தான். ஆகவே தூரம் என்று சோரவேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். போகும் வழியில் ஆளுக்குத் தேத்தண்ணியோ சோடாவோ கொடுக்காதீர்கள். தைரியத்துக்கென்று சாராயம் கொடுக்கவே கூடாது. கிட்டிய ஆஸ்பத்திரியில் ஏற்பூசி போட்டு, எங்கே அனுப்புவது என்று வைத்தியரே பெரிய இடத்தோடு தொலைபேசியில் கதைத்து முடிவு செய்வார்.

இனித் தம்பியின் இப்போதைய நிலை. இரண்டரை மாதத்தில் விரல் நுனி மரத்துப்போய் இருப்பது நாங்கள் எதிர்பார்ப்பதுதான். தைத்த நரம்பு சில கிழமை சும்மா கிடந்துவிட்டு, பிறகு நாளொன்றுக்கு 1 மில்லிமீற்றர் அளவில் வளரும். அடியிலிருந்து நுனிக்குப் போக மாதங்கள் எடுக்கும். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். மற்றக் கை விரலால் பொருத்திய விரலை அடியிலிருந்து நுனிப்பக்கமாக மெல்லத் தட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் கரண்ட் அடித்ததுபோலச் சுள்ளென்று தெரியும். நரம்பு வந்து நிற்கிற இடம் அதுதான். மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் அந்த இடம் முன்னுக்கு நகரவேண்டும். நகராமல் ஒரே இடத்தில் நின்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். பழையபடி முழு உணர்ச்சியும் வரும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். சூடு, கூர்மை தெரிகிற அளவுக்கு வந்தால் அது நல்ல பலன். அதுவரை அந்த விரல் சுட்டாலும் தெரியாது. தேத்தண்ணிக் கோப்பை, அடுப்பு, மோட்டார் சைக்கிள் சைலன்சர் எல்லாவற்றிலும் கவனம் வேண்டும்.

மார்கழிப் பனியில் விரல் வெளிறி நோவெடுக்கும். இந்தக் குளிர்நோவு ஓரிரண்டு வருஷத்துக்கு இருக்கலாம், பிறகு பலருக்குக் குறையும். கையை மூடிச் சூடாக வைத்திருக்கட்டும். பீடி, சுருட்டு, சிகரெட் ஒன்றும் வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடுவதும் அதே நிக்கொட்டின்தான், அதே குழாயைத்தான் சுருக்கும்.

மடங்காததுதான் எனக்குக் கூடுதல் கவலை, ஏனென்றால் அதில்தான் இப்போது உங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கம்பி எடுத்து, எலும்பு பொருந்திவிட்டது என்று நிபுணர் சொல்லியிருந்தால் விரலைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கக் கூடாது. இயன்மருத்துவர் காட்டித்தரும் பயிற்சியை நாளுக்குப் பலமுறை, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யவேண்டும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை வைத்திருந்துவிட்டுச் செய்தால் இலகு. சூட்டை மற்றக் கையால் பார்த்த பிறகு வையுங்கள். யாரும் பிடித்து இழுத்து மடக்கவேண்டாம். எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று வருகிறவர்களிடம் கையைக் கொடுக்கவேண்டாம். ஒழுங்காகப் பயிற்சி செய்தும் ஆறு மாதமளவில் மடங்காவிட்டால், ஒட்டிய தசைநாணை விடுவிக்கும் சின்னச் சத்திரசிகிச்சை ஒன்று இருக்கிறது. அதையும் முழிப்பில் வைத்தே செய்யலாம், தம்பி மடக்கிக் காட்டக் காட்ட. இந்த முறை ஏன் என்று தெரிந்துகொண்டே படுப்பார்.

இரவில் எழும்புவது பலவீனம் இல்லை. இப்படிக் காயப்பட்டவர்களுக்கு முதல் கிழமைகளில் வருவதுதான். இரண்டரை மாதமாகியும் விடாததால், பட்டறைப் பக்கமே போக ஏலாமல் இருப்பதால், ஆஸ்பத்திரி உளநலப் பிரிவில் காட்டுங்கள். கிளினிக்குக்குப் போகிற அன்றே அங்கேயும் போகலாம். வீட்டில் யாரும் "ஆம்பிளைப் பிள்ளை, இதுக்குப் போய்" என்று சொல்லவேண்டாம்.

வேலைக்குத் திரும்ப அவசரப்படுத்தாதீர்கள். முதலில் மெசின் நிற்கிற நேரம் பட்டறைக்குப் போய் இருந்துவிட்டு வரட்டும். பிறகு உரஞ்சித் தாள் போடுவது, வார்னிஷ் பூசுவது என்று தொடங்கலாம். முதலாளியிடம் வட்டவாளுக்கு மேல்மூடி போடச் சொல்லுங்கள், பலகையின் கடைசித் துண்டைக் கையால் தள்ளாமல் கட்டையால் தள்ளவேண்டும். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், சுழலும் வாளில் துணி அகப்பட்டால் கையையே இழுத்துவிடும், அதைப் போடவேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு டயக்னோசிஸ் காட்டையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய், எலும்பு முழுதாகப் பொருந்திவிட்டதா, எவ்வளவு பாரம் தூக்கலாம், இயன்மருத்துவப் பிரிவில் எந்த நாள் வரவேண்டும் என்று கேட்டு, பதிலை அந்தக் கொப்பியிலேயே எழுதி வாங்கி வாருங்கள்.